காப்பு கட்டிய கை

பாகம்பிரியாளுக்குக் கருத்தே கிடையாது என்று யாரும் குறை சொல்ல முடியாது. அவளிடம் ஏகப்பட்ட கருத்துகள் இருந்தன. காலையில் செய்தித்தாளில் கட்டுரை எழுதியவர் பக்கம் இருப்பாள். மத்தியானம் கேன்டீனில் தோழி ஷமீனா அந்தக் கட்டுரையைக் கிழித்துத் தொங்கவிட்டதும் ஷமீனா பக்கம் போய்விடுவாள். சாயங்காலம் டிவியில் நாலு கட்டத்துக்குள் நாலு பேர் உட்கார்ந்து கத்தும்போது, நாலு பேரும் சொல்வது சரிதானே என்று தோன்றும். பொதுக்கொள்கைப் பட்டப்படிப்பில் கடைசி ஆண்டு படிக்கிற பெண்ணுக்கு இது அழகல்ல. ஆனால் மற்றவர்களைப் போலத் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளும் சாமர்த்தியமும் அவளுக்கு வரவில்லை.

அப்படிப்பட்டவளைத்தான் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் மாணவர் சார்பில் பேசச் சொல்லிவிட்டார்கள். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. வகுப்பில் காப்பு கட்டியிருப்பவள் அவள் ஒருத்திதான்.

விஷயம் இதுதான். ஒருவருடைய வலியை இன்னொருவர் வாங்கிக்கொள்ள வழி கண்டுபிடித்துவிட்டார்கள். நோயை அல்ல, வலியை மட்டும். கடிகாரப் பட்டை மாதிரி இரண்டு பட்டைகள். ஒன்று நோயாளியின் மணிக்கட்டில், மற்றது கூட இருப்பவர் மணிக்கட்டில். கட்டிவிட்டால் நோயாளியின் வலியில் பெரும்பங்கு அடுத்தவருக்குப் போய்விடும். அரசு அதற்கு வைத்த பெயர் 'நரம்புவழி வலிப் பங்கீட்டுக் கருவி'. அதை நாக்கு சுளுக்காமல் சொல்ல முடியாத ஜனங்கள் காப்பு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பொருத்தமான பெயர்தான். திருவிழாவுக்குக் காப்பு கட்டியவர் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. இந்தக் காப்புக்கும் அதே விதி. இருவரில் ஒருவர் ஊரைவிட்டுப் போனால் இணைப்பு அறுந்து வலி முழுக்க நோயாளியிடமே திரும்பிவிடும்.

வலி மருந்துகளுக்கு நாடு முழுக்கத் தட்டுப்பாடு. கிடைத்த மருந்தும் சிறுநீரகத்தைத் தின்றது. அதனால் ஒரு மாவட்டத்தில் மட்டும் காப்பைச் சோதனையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தச் சோதனை மாவட்டத்தில்தான் அவள் ஊரான திருச்செங்கோடு இருந்தது. முடிவுகள் அமோகம் என்றார்கள். இனி மாநிலம் முழுக்கச் சட்டமாக்கப் போகிறார்கள்.

பாகம்பிரியாளின் அப்பா செங்கோட்டுவேல் ரிக் வண்டியில் டிரைவராக இருந்தவர். ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டி. வடக்கே ஒரு சோளக்காட்டில் இரும்புக் குழாய் சரிந்து முதுகில் விழுந்தது. உயிர் தங்கியது, நடை போயிற்று, வலி மட்டும் நிரந்தரமாகக் குடிவந்துவிட்டது. அம்மா அவள் பள்ளிக்கூடம் படிக்கும்போதே போய்விட்டாள். அண்ணன் பெங்களூரில். காப்பு என்ற பேச்சு வந்ததும் அண்ணன் போனில், "எனக்கு வேலை இருக்குது பாகி, நீ காலேஜ்தான போறே" என்றான். அதோடு அந்த விவாதம் முடிந்தது. எந்த டிவியிலும் அதைக் காட்டவில்லை.

காப்பு கட்டிய நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அரசு மருத்துவமனையில் கலாமணி சிஸ்டர்தான் கட்டினார். பட்டையை எடுத்துக்கொண்டு வந்து அப்பாவின் இடது கையைப் பிடித்தார். அப்பா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"ஏனுங் சிஸ்டர், ஆம்பளைக்கு எங்கியாச்சும் இடது கையில காப்பு கட்டுவாங்களா?"

"டிரெய்னிங்ல இப்படித்தானுங்க காட்டினாங்க."

"காட்டினவங்க எந்த ஊரோ என்னவோ. நம்ம மலை மேல சாமியே வலப்பக்கம் அப்பன், இடப்பக்கம் ஆத்தான்னு பாதிப் பாதியாத்தான நிக்கறாரு? கல்யாணத்துல மாப்பிள்ளைக்கு வலது, பொண்ணுக்கு இடது. இதைக்கூடவா ஒருத்தர் சொல்லித் தரணும்?"

வார்டில் படுத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சிஸ்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கே அன்னிக்கு ஒரு மாதிரியாத்தானுங்க இருந்துச்சு. ரெண்டும் ஒரே பட்டைதான், எந்தக் கைன்னா என்ன" என்று அப்பாவுக்கு வலது கையிலும் அவளுக்கு இடது கையிலும் கட்டினார். அடுத்த கட்டிலில் இருந்த பெரியவர், யாரும் சொல்லாமலே வலது கையை நீட்டினார்.

வலிக்கப் போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள் பாகம்பிரியாள். ஒன்றும் வரவில்லை. அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. அப்பாவின் வலி அவ்வளவுதானா? இத்தனை நாள் இதற்கா இப்படிக் கத்தினார்? அப்படி நினைத்ததற்காக அன்று அவள் சாப்பிடவே இல்லை.

"குறைஞ்சிருக்குங்களாப்பா?" என்று கேட்டாள்.

"எவ்வளவோ பரவால்ல கண்ணு. பாதிக்கு மேல போயிருச்சு. உனக்குத்தான் வலிக்குதா சாமி?"

எதுவும் இல்லை என்று சொன்னால் அவருடைய இத்தனை வருட வேதனையையே பொய் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். அதனால், "லேசா வலிக்குதுங்ப்பா. தாங்கிக்கலாம்" என்றாள்.

அன்று ஆரம்பித்தது. அப்பாவிடம் மட்டும்தான் அந்தப் பொய். சுகாதாரத் துறையிலிருந்து மாதாமாதம் போன் போட்டுக் கேட்கிற பெண்ணிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள்: எனக்கு வலியே இல்லை. நிஜத்தில் அவள் உடம்பு முன்னைவிட நன்றாகத்தான் இருந்தது. காலேஜில் சேர்ந்த புதிதில் மாதத்தில் சில நாள் வகுப்புக்குப் போக முடியாமல் சுருண்டு கிடப்பாள். இப்போது அந்தத் தொல்லைகூடக் குறைந்துவிட்டது. வயசு ஆக ஆகச் சரியாயிடும் என்று ஷமீனாவின் அம்மா சொன்ன வாக்கு பலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

அப்பாவுக்குத்தான் புதிதாக ஒன்று கிளம்பியிருந்தது. திடீர் திடீரென்று அடிவயிற்றில் வலி. வந்தால் இரண்டு மூன்று நாள் பாடாய்ப் படுத்தும், பிறகு வந்த சுவடே தெரியாமல் போய்விடும். கல்லாக இருக்கும் என்று ஸ்கேன் எடுத்தார்கள். கல் இல்லை. குடலாக இருக்கும் என்று இன்னொரு ஸ்கேன். அதுவும் இல்லை. முதுகில் அடிபட்ட இடத்திலிருந்து ஏதாவது பரவுகிறதோ என்று ஒரு டாக்டர் முணுமுணுத்ததைக் கேட்டதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஓர் இளம் டாக்டர், "மனசு சம்பந்தப்பட்டதா இருக்கலாம். டென்ஷனைக் குறைச்சுக்கச் சொல்லுங்க" என்றார். பெண்களிடம் டாக்டர்கள் வழக்கமாகச் சொல்வதை ஓர் ஆம்பளையிடம் சொல்லக் கேட்டது அவளுக்கு அதுதான் முதல் தடவை. அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

இந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் ஹைதராபாத்தில் மேற்படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்தது. ஷமீனாவைத் தவிர யாரிடமும் அவள் சொல்லவில்லை. போனால் காப்பு அறும். அப்பாவின் முதுகுவலி முழுசாகத் திரும்பும், அதன் மேல் இந்த வயிற்றுவலி வேறு. போகாமல் இருந்தால், தனக்கு ஒரு வலியும் தராத ஒரு பட்டைக்காக ஆயுசுக்கும் இந்த ஊரிலேயே கிடக்க வேண்டும்.

"நீ என்ன பேசப் போறே?" என்று கேட்டாள் ஷமீனா, கூட்டத்துக்கு முந்தின நாள் கேன்டீனில்.

"தெரியல புள்ள."

"சட்டத்துல என்ன எழுதியிருக்கான்னு படிச்சியா இல்லியா? நோயாளிக்குக் காப்பு கட்டற பொறுப்பு மொதல்ல அந்த வீட்டுப் பொம்பளைக்காம். பொண்டாட்டி, மக, மருமக. அவங்க யாரும் இல்லீன்னாத்தான் ஆம்பளை."

"அதுக்கு ஆதாரம் காட்டறாங்களே. காப்பு கட்டின பொம்பளைங்கள்ல முக்காவாசிப் பேரு வலியே இல்லேங்கறாங்க. ஆம்பளைங்க ஒரு வாரம்கூடத் தாங்கறதில்ல."

"அது என்னவோ நெசந்தான்" என்று ஷமீனாவே இறங்கி வந்தாள். "எங்கம்மாவுக்கு மூட்டு ஆபரேசன் பண்ணப்ப எங்கண்ணந்தான கட்டுனான்? நாலு தெருவுக்குக் கேக்கற மாதிரி கத்துனான். பட்டையைப் பிச்சு எறிஞ்சுட்டான். ஆனா அந்த ஒரு வாரம் எங்கம்மா தூங்குன தூக்கம் இருக்குதே, நான் பொறந்ததுல இருந்து அப்படி அவங்க தூங்கிப் பாத்ததில்ல."

"எங்கப்பா தூங்கறதே இல்ல" என்றாள் பாகம்பிரியாள். "பாதிக்கு மேல குறைஞ்சிருச்சுன்னு சொல்றாரு. ஆனா டிவி சத்தத்தைக் கூட்டி வச்சுட்டு முனகறாரு. எனக்கும் வலிக்கல, அவருக்கும் போகல. அப்ப அந்த வலி எங்கதான் போகுது?"

"ஏம்புள்ள, அரசாங்கத்துக்கிட்டப் போயி இதைக் கேக்கலாமில்ல?"

"கேட்டா, உங்கப்பா நடிக்கறாருன்னு சொல்லிட்டாங்கன்னா?"

இருவரும் டீயைக் குடித்து முடித்தார்கள்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் கல்யாணத்தின் அலங்கார வளைவைக்கூடக் கழற்றவில்லை. மாப்பிள்ளை பெண் பெயர்களுக்குக் கீழே மேசை போட்டு அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் சுகாதாரத் துறையின் மாவட்ட இணை இயக்குநர் டாக்டர் மெய்ஞானமூர்த்தி. நல்ல மனிதர் என்று பார்த்தாலே தெரிந்தது. அவருக்கும் கழுத்தெலும்புத் தேய்மானம். வலது கையில் காப்பு கட்டியிருந்தார். அடிக்கடி கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே பேசினார்.

"நானே இதுக்கு உதாரணம். என் மனைவிதான் எனக்காகக் கட்டியிருக்காங்க. ஒரு நாள்கூட முகம் சுளிச்சதில்லை. பெண்களுக்கு இயற்கை கொடுத்த பொறுமை அப்படி. நாங்க எடுத்த கணக்கும் அதைத்தான் சொல்லுது."

முன்வரிசையில் இருந்த ஆண்கள் கைதட்டினார்கள். ஒருவர் எழுந்து, தாய்மையின் மகத்துவம் பற்றி முழங்கினார். ஒரு பெண் எழுந்து, "மாத்திரை வாங்கித் தர வக்கில்லாம எங்க கையில பட்டையக் கட்டறீங்க" என்று சண்டை போட்டாள். இரண்டுமே பாகம்பிரியாளுக்குச் சரியாகப் பட்டன. அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடையேறும்போதும் என்ன பேசுவது என்று தெரியவில்லை.

"எனக்கு ரொம்பக் குழப்பமா இருக்குதுங்" என்று ஆரம்பித்தாள். சபை சிரித்தது. "ஒருத்தர் வலியை இன்னொருத்தர் வாங்கிக்கறது நல்லதுதான். ஆனா வாங்கியே ஆகணும்னு சட்டம் போட்டா அது நல்லதான்னு தெரியல. எங்கண்ணனுக்கு வேலை இருந்துச்சு, எனக்குக் காலேஜ் இருந்துச்சு. ரெண்டுல எது பெருசுன்னு யாரும் யோசிக்கல..."

"ஒண்ணு மட்டும் சொல்லும்மா" என்று அன்பாகக் குறுக்கிட்டார் டாக்டர். "உனக்கு வலிக்குதா?"

பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "இல்லீங் சார். வலிக்கவே இல்லீங்."

மைக் கீச்சென்று கத்தியது. அதையும் மீறிக் கைதட்டல் எழுந்தது. அவள் சொல்ல வந்த மிச்சத்தை யாரும் கேட்கவில்லை. ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள், கைதட்டலுக்கும் கிடையாது. இறங்கி வந்து உட்கார்ந்தாள். உண்மையைத்தான் சொன்னோம், பிறகு ஏன் எதையோ திருடிவிட்டு வந்த மாதிரி இருக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அப்பாவின் அறையில் டிவி அலறிக்கொண்டிருந்தது. அணைத்தாள். அப்பா கட்டிலில் இடப்பக்கமாகச் சுருண்டு, தலையணையை வயிற்றோடு அழுத்திக்கொண்டு கிடந்தார். அசைக்க முடியாத கால்களைக் கையால் இழுத்து மடக்கி வைத்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"மறுபடியும் வயிறுங்களாப்பா?"

"ஆமா கண்ணு. அடிவயித்துல ஈரத்துணியைப் போட்டு முறுக்கிப் புழியற மாதிரி இருக்குது. இடுப்புல புடிச்சுத் தொடை வரைக்கும் இழுக்குது. நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன். காலையில புடிச்சது." அவருக்கு அழுகை முட்டியது. "டாக்டரு சொன்ன மாதிரி எனக்குப் புத்திதான் பிசகிப் போச்சோ என்னவோ சாமி."

ஈரத்துணியை முறுக்கிப் புழியற மாதிரி. அந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று யோசித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். அவளுக்கு அன்று காலைதான் மாதவிலக்கு ஆகியிருந்தது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் மண்டபத்துக்குப் போய் வந்திருந்தாள். அப்பாவின் வயிற்றுக்கு ஒத்தடம் கொடுக்கலாம் என்று வெந்நீர் வைத்தாள். ரப்பர் பையில் ஊற்றும்போது நீர் தெறித்து விரலில் பட்டது. சுருக்கென்று லேசாகத்தான் இருந்தது.

"ஸ்ஸ்ஸா!" என்று உள்ளே அப்பா கத்தினார்.

பாகம்பிரியாள் எட்டிப் பார்த்தாள். அப்பா கையை உதறிக்கொண்டிருந்தார். "என்னவோ கடிச்சிருச்சு கண்ணு. எறும்பா பாரு."

அவள் அடுப்படிக்குத் திரும்பினாள். கொஞ்ச நேரம் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, வேண்டுமென்றே, பாத்திரத்தின் விளிம்பில் விரலை வைத்து எடுத்தாள்.

"ஐயோ, மறுபடியும் கடிச்சிருச்சு!"

அப்போதுதான் அந்த வாக்கியம் யாருடையது என்று நினைவு வந்தது. அவளுடையதுதான். காலேஜில் சேர்ந்த புதிதில், படுக்கையில் சுருண்டு கிடந்து ஷமீனாவிடம் அழுதபோது சொன்னது.

வார்டில் சிஸ்டர் முதலில் பிடித்த கை எது என்று நினைத்துப் பார்த்தாள். அப்பாவின் இடது கை. அப்பா இழுத்துக்கொண்டதால்தான் வலது கையில் கட்டினார். இரண்டும் ஒரே பட்டைதான். ஆனால் இடது கை கொடுப்பது, வலது கை வாங்குவது என்று பட்டை கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது போலிருக்கிறது.

அப்பாவின் வலி ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை. அதோடு மகளுடைய வலியையும் வாங்கிக்கொண்டு, அவளை வருத்தப்படுத்தக் கூடாது என்று பாதிக்கு மேல் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டு, டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு கிடந்திருக்கிறார். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"அப்பா, பட்டை ஈரமாயிருக்குது. கழட்டிக் கட்டறேனுங்" என்றாள்.

அப்பாவுக்கு இடது கை. தனக்கு வலது கை.

கட்டிக் கொக்கியை மாட்டியதும் அவளுக்கு மூச்சு நின்றுவிட்டது. முதுகுத்தண்டில் யாரோ கடப்பாரையைச் செருகி நெம்புகிற மாதிரி இருந்தது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அதோடு, இத்தனை நாள் அப்பாவிடம் போய்க்கொண்டிருந்த அவளுடைய சொந்த வலியும் வீடு திரும்பிவிட்டது. எது அவருடையது, எது தன்னுடையது என்று பிரித்துப் பார்க்கக்கூட முடியவில்லை.

அப்பாவின் முகம் மாறியது. முதலில் பயந்தவர் போலக் கண்ணை விரித்தார். பிறகு மெல்ல மெல்ல உடம்பு தளர்ந்தது. தலையணையை விட்டார்.

"கண்ணு" என்றார், நம்ப முடியாதவராக. "இன்னிக்குத்தான் கண்ணு... இன்னிக்குத்தான் மொதல்முதலா..." முடிக்கவில்லை. அதற்குள் கண் சொருகியது. ஷமீனாவின் அம்மா தூங்கிய தூக்கம் எப்படி இருந்திருக்கும் என்று பாகம்பிரியாள் அப்போது பார்த்தாள்.

தரையில் உட்கார்ந்தபடியே யோசித்தாள். யோசிக்க யோசிக்க நூல் சிக்கிக்கொண்டே போனது. இந்த மாவட்டத்தில் யார் வீட்டில் ஆம்பளைக்கு இடது கையில் காப்பு கட்டியிருப்பார்கள்? புருஷன் நோயாளி, பொண்டாட்டி காப்பு என்றால் எல்லா வீட்டிலும் இதே கூத்துதான். பொம்பளைகளுக்கு வலிக்கவில்லை. வலிக்கவில்லை என்று சொன்னார்கள். அதற்குப் பொறுமை என்று பெயர் போட்டுச் சட்டம் எழுதிவிட்டார்கள். பொம்பளை நோயாளி, ஆம்பளை காப்பு என்ற சில வீடுகளில் மட்டும் அது ஒழுங்காக வேலை செய்தது. அந்த ஆம்பளைகள் கத்தினார்கள். அதற்கு ஆம்பளைகளுக்குத் தாங்காது என்று பெயர்.

இதைச் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? கையை மாற்றிக் கட்டுவார்கள். நோயாளிகள் தூங்குவார்கள். அப்பாவைப் போல எத்தனையோ பேர். ஆனால் அந்த வலி முழுக்க, வலிக்கவே வலிக்காது என்று சொல்லித்தானே பெண்கள் தலையில் சட்டமாக இறங்கும்? இப்போது இவள் முதுகில் நெம்புகிற கடப்பாரை ஊரெங்கும் நெம்பும். சொல்லாமல் விட்டால்? பெண்கள் தப்பிப்பார்கள். ஆண்கள் இரட்டை வலியோடு டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு கிடப்பார்கள். அவளும் ஹைதராபாத் போகலாம். நேற்றே போயிருந்தால்கூட அப்பாவுக்கு நல்லதுதான் நடந்திருக்கும். இன்றைக்குப் போனால்தான் துரோகம்.

போன் அடித்தது. டாக்டர் மெய்ஞானமூர்த்தி.

"அம்மா, இன்னிக்கு ரொம்ப நல்லாப் பேசினே. நாளைக்குச் சென்னைக் கமிட்டியோட வீடியோ மீட்டிங். நீ சொன்னதைப் போட்டுக் காட்டலாம்னு பார்த்தா, அந்த இடத்துல மைக் கத்திடுச்சு. ஒரு வரிதான், போன்ல பதிவு பண்ணிக்கறேன். சொல்லும்மா. வலிக்குதா?"

அவள் வாயைத் திறந்தாள். வலிக்குதுங் சார், உயிரே போகுதுங் சார் என்று சொல்லத்தான் திறந்தாள்.

கட்டிலில் அப்பா புரண்டார். கண்ணைத் திறந்து, தரையில் சுருண்டிருக்கிற மகளைப் பார்த்தார். தன் இடது கையைப் பார்த்தார். மெதுவாக ஏதோ புரிகிற மாதிரி அவர் முகம் கலங்கியது. வலது கை பட்டையின் கொக்கியைத் தேடிப் போனது.

"வலிக்குதா சாமி?"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எப்படியோ சிரித்தாள்.

"வலிக்கவே இல்லீங்."

அப்பாவின் கை கொக்கியை விட்டு இறங்கியது.

"அருமைம்மா" என்றது போன். "பதிவாயிடுச்சு. ரொம்ப நன்றி." இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அப்பா மறுபடி தூங்கும்வரை அசையாமல் இருந்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அடுப்படி வழியாகப் பின்கதவைத் திறந்து, அப்பாவுக்குக் காது கேட்காத தூரம் வரை நடந்து, துணி துவைக்கிற கல்லில் சாய்ந்துகொண்டு அந்த எண்ணுக்குப் போன் போட்டாள். என்ன சொல்லப் போகிறோம் என்று இப்போதும் தெரியவில்லை.

"சொல்லும்மா, என்ன?"

"சார்... உங்க வீட்டம்மா எந்தக் கையில காப்பு கட்டியிருக்காங்க?"

"இடது கையில. பொம்பளைங்களுக்கு இடதுதானேம்மா. ஏன்?"

"அவங்களுக்கு வலிக்கலீன்னு சொல்றாங்க."

"ஆமாம்மா. கூட்டத்துலயே சொன்னேனே."

"உங்களுக்குக் குறைஞ்சுதுங்களா சார்?"

மறுமுனையில் எங்கோ பாத்திரம் கழுவுகிற சத்தமும், ஒரு பெண்குரல் ஏதோ கேட்பதும் காதில் விழுந்தது.

"ஒரு நிமிஷம் இரும்மா" என்றார் டாக்டர். "வெளிய வந்துடறேன்."

செருப்புச் சத்தம். ஒரு கதவு திறந்து மூடியது. மறுபடி பேசியபோது அவர் குரல் மிகவும் இறங்கியிருந்தது.

"குறைஞ்சிருக்குன்னு அவகிட்ட சொல்லி வச்சிருக்கேம்மா."